குளியலறை எடைமானி

குளியலறை எடைமானி என்பது ஒருவர் வீட்டிலேயே ஏறி நின்று தம் உடல் எடையைப் பார்த்துக்கொள்ள உதவும் தட்டையான கருவி ஆகும். பேச்சுவழக்கில் 'வெயிட் மெஷின்', 'எடை மெஷின்' என்று வழங்கப்படுகிறது. உடல் எடையைக் குறைக்க முயல்வோரே இதனை மிகுதியாக வாங்குகின்றனர். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவை உள்ளோருக்கு மருத்துவரே வாங்கிவைக்கச் சொல்வதும் உண்டு.

இக்கருவி காட்டும் எண் நாளுக்கு நாள், சில நேரங்களில் மணிக்கு மணி மாறுகிறது. அம்மாற்றத்தில் ஒரு பகுதி கருவியின் பிழை. மற்றொரு பகுதி உடலில் உள்ள நீர், உணவு ஆகியவற்றின் ஏற்ற இறக்கம். கொழுப்பு கூடுவதும் குறைவதும் இவ்விரண்டுக்கும் அடியில் மிக மெதுவாக நடப்பவை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால், ஒழுங்காக நடைப்பயிற்சி செய்து உணவைக் குறைத்தவர் கூட மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் குறையவில்லை' என்று முயற்சியைக் கைவிடுகிறார். நீரிழிவு உள்ளவர் அவ்வாறு கைவிடும்போது இழப்பு பெரிது.

பெயர் குளியலறையைச் சுட்டினாலும், தமிழ்நாட்டு வீடுகளில் இக்கருவியை அங்கே வைக்கக் கூடாது. மேலை நாட்டுக் குளியலறைத் தரை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். நம் குளியலறைத் தரை நாள் முழுதும் ஈரமாகவே இருக்கும். சுருள்வில் வகை துருப்பிடிக்கும்; மின்னணு வகையின் சுற்றுக்குள் ஈரம் புகும். கண்ணாடித் தட்டில் ஈரக் காலோடு ஏறி வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு. படுக்கையறையில் ஓடு பதித்த சமதளமான மூலையே இதற்கு ஏற்ற இடம்.

வரலாறு

தம் உடல் எடையை நாள்தோறும் பதிவு செய்தவர்களில் முன்னோடி இத்தாலி நாட்டு மருத்துவர் சாந்தோரியோ சாந்தோரியோ (1561–1636). பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த இவர், பெரிய துலாக்கோலில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தபடியே உண்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் எடையையும், உண்டவற்றின் எடையையும், கழிவின் எடையையும் அளந்துவந்தார். உட்கொண்டதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கழிவில் கணக்காகவில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகிறது என்று அவர் முடிவுசெய்தார். இம்முடிவுகளை 1614ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இரவு படுக்கும்போது பார்த்த எடை காலையில் ஏன் குறைந்திருக்கிறது என்ற கேள்விக்கு இன்றும் இதுவே விடையின் பெரும்பகுதி.

இருபதாம் நூற்றாண்டில்தான் எடைக் கருவி வீட்டுக்குள் வந்தது. அதற்கு முன் மருத்துவமனையில் உள்ள நகரும் எடைக்கற்கள் கொண்ட தராசும், பொது இடங்களில் காசு போட்டுப் பார்க்கும் இயந்திரமுமே வழி. இந்திய இரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன, சக்கரம் சுழலும் எடை இயந்திரங்கள் நெடுங்காலம் இருந்தன. காசைப் போட்டால் எடை அச்சிட்ட சிறு அட்டை வரும். பின்புறம் பலன் ஒன்றும் இருக்கும். செருப்போடும் தோளில் பையோடும் ஏறிப் பார்த்த எடை அது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கடற்கரையிலும் திருவிழாக்களிலும் எடைமானி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு சில்லறைக்கு எடை பார்த்துச் சொல்பவர்களை இன்றும் காணலாம்.

செயல்படும் விதம்

பழைய வகை, சுருள்வில்லால் ஆனது. தட்டின் மேல் நிற்பவரின் எடை, உள்ளே உள்ள நெம்புகோல்களால் சிறு விசையாகக் குறைக்கப்பட்டுச் சுருள்வில்லை இழுக்கிறது. வில் நீளும் அளவு விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது இராபர்ட் ஊக்கின் விதி. அந்த நீட்சியே எண்தட்டைச் சுழற்றுகிறது. பல ஆண்டுகள் பயன்பட்ட வில் தளர்ந்துவிடுவதால் முள் சுழியில் நிற்பதில்லை. இதற்காகவே விளிம்பில் சிறு திருகு ஒன்று இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மின்னணு வகை. கண்ணாடித் தட்டின் நான்கு கால்களிலும் உலோகத் துண்டில் ஒட்டிய மெல்லிய மின்தடைக் கம்பிப் பின்னல் இருக்கும். எடை ஏறும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, பின்னல் நீள்கிறது, அதன் மின்தடை மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுதான் இந்தச் சிறு மாற்றத்தை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. பள்ளி ஆய்வகத்தோடு முடிந்துபோனது என்று பலர் நினைக்கும் அந்தச் சுற்று அவர்கள் காலடியிலேயே இருக்கிறது.

இரு வகையும் உண்மையில் அளப்பது புவி இழுக்கும் விசையை, காட்டுவது கிலோகிராமில். புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். பாரிசில் சரிபார்த்த கருவியை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், 80 கிலோ உள்ளவருக்குச் சுமார் 200 கிராம் குறைத்துக் காட்டும். வீட்டுப் பயன்பாட்டில் இது பொருட்படுத்தத் தக்கதன்று.

கருவியின் பிழைகள்

அளவீட்டில் துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு. உண்மை எடை 70 கிலோ உள்ளவருக்கு ஒரு கருவி எப்போதும் 71.5 என்றே காட்டுகிறது, இன்னொன்று 70.2, 71.6, 69.4 என்று மாறிமாறிக் காட்டுகிறது. இரண்டாவதன் சராசரி உண்மைக்கு அருகில் இருந்தாலும், எடைக் குறைப்பைக் கண்காணிக்க முதலாவதே உதவும். அது காட்டும் எண்ணில் ஒன்றரைக் கிலோ மிகை. ஆனால் அந்த மிகை இன்றும் உண்டு, அடுத்த மாதமும் உண்டு. கழித்துப் பார்க்கும்போது அது காணாமல் போய்விடும். மருத்துவமனை எடைக்கும் வீட்டு எடைக்கும் ஒன்றிரண்டு கிலோ வேறுபடுவதைக் கண்டு கலங்கத் தேவையில்லை என்பதற்கும் இதுவே காரணம். அதே காரணத்தால் மருத்துவமனையில் பார்த்த எண்ணை வீட்டில் பார்த்த எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

திரையில் 100 கிராம் வரை, சிலவற்றில் 50 கிராம் வரை எண் தெரிவதால் கருவி அந்த அளவுக்குச் சரியானது என்று பொருளில்லை. எண்ணைக் காட்டுவது எளிது.

வீட்டில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை கருவியை வைக்கும் முறையால் வருபவை. கம்பளம், பாய், மிதியடி ஆகியவற்றின் மேல் வைத்தால் அடிப்பகுதியும் துணியில் அழுந்தி, கால்களில் இறங்க வேண்டிய விசையில் ஒரு பங்கு வேறு வழியில் தரைக்குப் போய்விடும். ஓடுகளின் இணைப்புக் கோட்டில் ஒரு கால் விழுந்தாலும் எண் மாறும். கருவியைத் தூக்கி வேறிடத்தில் வைத்ததும் உடனே ஏறினால் சுழிப் பிழை உண்டாகும். முதலில் காலால் இலேசாக அழுத்தி, திரையில் 0.0 தெரிந்து அணைந்த பிறகே ஏற வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது, திரையைப் பார்க்கக் குனிவது, சுவரைப் பிடித்துக்கொள்வது ஆகியவையும் எண்ணை ஆட்டிவைக்கும். மின்கலம் தீரும் தறுவாயில் சில கருவிகள் எச்சரிக்கும்; சில எச்சரிக்காமல் தவறாகக் காட்டும்.

ஒருநாள் திடீரென 70 கிலோ 154 ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம். அடியில் உள்ள பொத்தான் தரையில் அழுந்தி, கிலோ பவுண்டாக மாறியிருக்கும்.

மின்னணுக் கருவிகள் சிலவற்றில் ஒரு மறைவான வழக்கம் உண்டு. ஒருவர் சற்று முன் பார்த்த எடையை நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை சிறு வேறுபாடு மட்டும் இருந்தால் பழைய எண்ணையே மீண்டும் காட்டும். பத்து முறை ஏறினாலும் அதே எண் வருகிறது, ஆகவே நல்ல கருவி என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஏறிப் பார்த்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும். அரைக் கிலோ கூடாமல் பழைய எண்ணே வந்தால், கருவி ஏமாற்றுகிறது. அத்தகைய கருவியை வைத்திருப்பவர், ஒவ்வொரு முறையும் முதலில் சில கிலோ எடையுள்ள பையோடு ஒரு தரம் ஏறி இறங்கிவிட்டு, பிறகு தனியே ஏறுவது நல்லது.

வீட்டில் சோதித்தல்

கடைகளில் விற்பனைக்குப் பயன்படும் தராசுகள் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். வீட்டு எடைமானிக்கு அத்தகைய சோதனை இல்லை; வைத்திருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது நுட்பம். கருவியைச் சமதளத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அது அணையும்வரை காத்திருந்து ஐந்து முறை ஏறி எண்களைக் குறிக்க வேண்டும். மேலே சொன்ன நினைவுக் கோளாறைத் தவிர்க்க இடையிடையே கையில் ஏதேனும் சுமையோடு ஏறிவிட வேண்டும். ஐந்து எண்களும் 200, 300 கிராம் இடைவெளிக்குள் இருந்தால் கருவி பயன்படும். ஒரு கிலோவுக்கு மேல் அலைந்தால் மின்கலத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்த்து, அதற்கும் சரியாகாவிட்டால் ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது தெரிந்த எடையோடு ஒப்பிடல். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆகவே 20 லிட்டர் குடிநீர்க் கேன் நல்ல எடைக்கல். காலிக் கேனின் எடையை மளிகைக் கடையின் முத்திரைத் தராசில் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். முழுக் கேனைத் தூக்க இயலாதவர்கள் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பொட்டலங்களைக் கொள்ளலாம். பொருளைத் தனியே வைப்பதைவிட, தாம் முதலில் ஏறிப் பார்த்து, பிறகு பொருளோடு ஏறிப் பார்த்துக் கழிப்பதே சிறந்தது. 70 கிலோ அளவில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதே தேவை. 5 கிலோ அளவில் அன்று. சமையல் எரிவாயு உருளையின் காலி எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதாலும், வீட்டு உருளையில் எரிவாயு 14.2 கிலோ என்பதாலும் அதுவும் தெரிந்த எடைதான். ஆனால் அதன் இரும்பு வளையத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சோதிப்பது கருவிக்கும் காலுக்கும் நல்லதன்று.

கருவி இரண்டு விழுக்காடு மிகைத்துக் காட்டினாலும் எடைக் குறைப்புக் கணக்கு கெடாது. 80 கிலோவை 81.6 என்றும் 75 கிலோவை 76.5 என்றும் அது காட்டும். குறைந்தது 5 கிலோ, கருவி சொல்வது 5.1 கிலோ.

உடல் எடை நாள்தோறும் மாறுவது ஏன்

கருவி பிழையற்றதாகவே இருந்தாலும் எண் ஆடும். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் அந்தக் கணமே எடை கூடும். இரவு உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் சில நூறு கிராம் குறையும். காலையில் கழிவு வெளியேறினால் மேலும் குறையும். மலச்சிக்கல் இருந்தால் குறையாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு மிகுந்த உணவு உண்ட மறுநாள், உப்பைச் சமன்செய்ய உடல் நீரைப் பிடித்துவைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் இதே போல நீர் சேர்ந்து எடை கூடுவதும், பின்னர் தானே குறைவதும் இயல்பு. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவருக்குத் தசைகளில் சிறிது நீர் கோத்து, குறைய வேண்டிய வாரத்தில் கூடுவதும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏற்ற இறக்கம் தரும்.

உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ 'மளமளவென்று' குறைவதும் இந்த நீர்க் கணக்கே. கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோசன் என்ற வடிவில் சில நூறு கிராம் சேமித்துவைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரையாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் உள்ளது. நாளுக்கு 500 கலோரி குறைத்து உண்பவருக்கு அது கரைய இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகவே முதல் வாரக் கணக்கை நம்பி மாதத்துக்குப் பத்துக் கிலோ என்று கணக்குப் போட்டவர் இரண்டாம் வாரத்தில் ஏமாற்றமடைவது உறுதி. அதேபோல, ஒரு கல்யாண விருந்து உண்ட மறுநாள் கூடியிருக்கும் ஒன்றரைக் கிலோவும் கொழுப்பு அன்று. ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர அன்றாடத் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கும் மிகுதியாக உண்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது எளிதன்று.

உடையின் எடையையும் மறக்கலாகாது. சரிகை மிகுந்த பட்டுச்சேலை அரைக் கிலோவைத் தாண்டும். பத்துப் பவுன் நகை 80 கிராம்.

எடையைப் பதிவு செய்தல்

காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்த பின், எதுவும் உண்பதற்கும் குடிப்பதற்கும் முன், ஒரே வகையான மெல்லிய உடையில், ஒரே கருவியில், ஒரே இடத்தில் எடை பார்ப்பதே ஏற்ற முறை. காபிக்கு முன்பா பின்பா என்பது கூட 150 கிராம் வேறுபாடு.

பார்த்த எண்ணை எழுதிவைக்க வேண்டும். நாள்காட்டியின் ஓரமே போதும். ஆனால் ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒருவர் ஏழு நாள்கள் பார்த்த எடை 82.4, 81.9, 82.6, 82.1, 81.7, 82.3, 82.0 எனவும், அடுத்த ஏழு நாள்கள் 81.6, 82.2, 81.8, 81.3, 82.5, 81.7, 81.4 எனவும் இருப்பதாகக் கொள்வோம். முதல் வார ஐந்தாம் நாளையும் (81.7) இரண்டாம் வார ஐந்தாம் நாளையும் (82.5) மட்டும் பார்த்தவருக்கு 800 கிராம் கூடிவிட்டதாகத் தோன்றும். கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் வாரம் 82.14, இரண்டாம் வாரம் 81.79. குறைந்தது ஏறத்தாழ 350 கிராம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் எடை பார்ப்பவர் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான்: அந்த ஒரு நாள் எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்து அவர் மகிழ்வதும் வருந்துவதும் நடக்கிறது.

வாரச் சராசரிக்கு மாற்றாக மற்றொரு முறையும் உண்டு. நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போக்கு எண்ணில் கூட்டவோ கழிக்கவோ செய்வது அது. நேற்றைய போக்கு 82.1, இன்றைய எடை 82.5 என்றால் புதிய போக்கு 82.14. மென்பொருள் பொறியாளர் ஜான் வாக்கர் 1991இல் எழுதிய எடைக் குறைப்பு நூல் ஒன்றின் வழியாக இம்முறை பரவலாயிற்று. எண்ணைப் பார்த்ததும் மனம் துள்ளுவதைத் தடுப்பதில் இம்முறை சராசரியைவிட ஒரு படி மேல். கணக்குப் போடுவதில் அலுப்பு உள்ளவர்களுக்கு வாரச் சராசரியே போதும்.

இரண்டு, மூன்று வாரங்கள் சராசரியும் அசையாமல் நின்றால் இடுப்புச் சுற்றளவைப் பார்க்கலாம். தையற்காரர் நாடா இந்த வேலையை எடைமானியைவிட நன்றாகச் செய்யும் நேரங்கள் உண்டு. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. எடை நிலையாக இருந்து இடுப்பு குறைந்தால் முயற்சி வீண்போகவில்லை.

நாள்தோறும் எடை பார்ப்பது எல்லோருக்கும் ஏற்றதன்று. எண் கூடினால் அன்று பட்டினி கிடப்பவர்கள், உண்டதை வாந்தியெடுக்க முயல்பவர்கள், குறிப்பாக வளரிளம் பருவப் பிள்ளைகள், கருவியிலிருந்து விலகியிருப்பதே நல்லது. இவர்களுக்கு வேண்டியது மருத்துவ உதவி. வளரும் குழந்தைக்கு எடை கூடுவதே நலம் என்பதைப் பெற்றோர் மறந்துவிடும் வீடுகளும் உள்ளன.

கொழுப்பு விழுக்காடு காட்டும் கருவிகள்

உலோகத் தகடு பதித்த சில எடைமானிகள், பாதங்களின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி உடலின் மின் எதிர்ப்பை அளந்து, கொழுப்பு, தசை, நீர் ஆகியவற்றின் விழுக்காட்டைக் காட்டுகின்றன. கொழுப்பை அவை நேரடியாக அளப்பதில்லை. வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு சேர்த்து ஊகிக்கின்றன. தண்ணீர் குடித்ததற்கு முன்னும் பின்னும் பார்த்தாலே விழுக்காடு மாறும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இவ்வகைக் கருவியில் ஏறக் கூடாது.

மருத்துவப் பயன்பாடு

எடைக் குறைப்பில் 'நீர்தானே' என்று ஒதுக்கும் அதே ஏற்ற இறக்கம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு முதன்மையான செய்தி ஆகும். இதயம் சரியாக இறைக்காதபோது உடலில் நீர் தேங்குகிறது. கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் வெளிப்படுவதற்கு முன்பே எடைமானி அதைக் காட்டிவிடலாம். மூன்று நாள்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். இவர்கள் சராசரி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது; அன்றன்றைய எண்ணே முக்கியம். ஆகவே கருவியின் நுட்பமும் இவர்களுக்கே மிகவும் தேவை.

சிறுநீரகச் செயலிழப்பால் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு 'உலர் எடை' என்று ஒன்றை மருத்துவர் குறித்துத் தருவார். ஒரு சுத்திகரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கூடிய எடைதான், எவ்வளவு நீரை அகற்ற வேண்டும் என்பதைக் காட்டுகிறது. சிகிச்சை முடிந்த அன்றே வீட்டுக் கருவியிலும் எடை பார்த்து, மருத்துவமனைக் கருவியோடு உள்ள வேறுபாட்டைக் குறித்துவைத்தால், பிற நாள்களில் வீட்டு எண்ணைக் கொண்டே நிலைமையை அறியலாம்.

முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைவது மகிழத் தக்கதன்று. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மூன்று கிலோ, காரணமின்றிக் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடற்ற நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் ஆகியவை இவ்வாறு தொடங்கலாம். 'ஆள் மெலிந்து அழகாகிவிட்டார்' என்று உறவினர் பாராட்டும் காலத்தில் நோய் முற்றிய நேர்வுகள் ஊருக்கு ஊர் உண்டு. எடை குறைந்ததாகக் கருவி காட்டினால், அதே நாளில் வீட்டில் உள்ள மற்றவர்களையும் ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு குறைந்திருந்தால் மின்கலத்தை மாற்றினால் போதும். ஒருவருக்கு மட்டும் குறைந்திருந்தால், மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். பழைய எடைகளைக் குறித்துவைத்த நாள்காட்டியையும் கையில் எடுத்துச் செல்வது அவருக்கு உதவும்.